சவுரியம்மாள் துடைத்த பன்னிரண்டு கன்ட்ரோலர்கள்

19.9.2025 — கடைசிச் சம்பளம் — ரூ. 11,460
10.1.2026 முதல் 24.1.2026 வரை — எட்டு நாள் கூலி — ரூ. 5,200
24.1.2026 — கன்ட்ரோலர் பன்னிரண்டு, ஒன்று ரூ. 5,990 வீதம் — ரூ. 71,880
2.2.2026 — தபால் — ரூ. 61
19.2.2026 — தபால் — ரூ. 61
9.3.2026 — தபால் — ரூ. 61

இந்தப் பட்டியலில் மூன்றாவதாக உள்ள சேதம் குடியாத்தம் டிரைவர் சுந்தரமூர்த்தியின் பெயரில் எழுதப்பட்டது. அந்தச் சேதத்துக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. செய்தவள் சவுரியம்மாள். அதை முதலில் தெரிந்துகொண்டவளும் அவள்தான். "டிரைவர் மேல் தப்பு இல்லை" என்று ஒரே ஒரு வரி எழுதி வாங்குவதற்காக அவள் இரண்டு மாதம் அலைந்தாள்.

சவுரியம்மாள் 1981-ல் ஆம்பூருக்குப் பக்கத்தில் பிறந்தவள். பத்தாவது பாஸ். கணவன் ஜெயசீலன் டேனரியில் தோலை ஊறவைத்துப் பதப்படுத்தும் டிரம்மை ஓட்டுகிறவன். பிள்ளை இல்லை. 2003 ஜூன் மாதம் ஒரு ஷூ ஃபேக்டரியில் ஃபினிஷிங் பிரிவில் சேர்ந்து இருபத்திரண்டு வருஷம் அதே மேசையில் நின்றாள். வெட்டி, தைத்து, அடிப்பாகம் ஒட்டி, எல்லாம் முடிந்து ஷூ அவள் கைக்கு வரும். பசைக் கறை, பென்சில் கோடு, நூல் பிசிறு, விரல் ரேகை எதுவும் இல்லாமல் பெட்டிக்குள் போக வேண்டும். மணிக்கு அறுபது ஜோடி. பெட்டிக்குள் வைக்கும் சீட்டில் தேதியும் அவள் நம்பர் 47-ம் இருக்கும். ஜெர்மனியில் எவனாவது பெட்டியைப் பிரித்து ஒரு கறையைக் கண்டுபிடித்தால் அந்த 47 ஆம்பூருக்குத் திரும்பி வரும். இருபத்திரண்டு வருஷத்தில் நான்கு முறைதான் வந்திருக்கிறது. நான்கு முறையும், "ஆமா சார், நான்தான் விட்டுட்டேன்" என்று சூப்பர்வைசர் வாயைத் திறக்கும் முன்பே சொல்லிவிட்டாள். அவளுக்கு அதில் ஒரு சின்ன கர்வம்கூட உண்டு.

அவளுடைய ஆயுதங்கள் இரண்டே இரண்டு. ஒன்று பனியன் துணித் துண்டு. மற்றொன்று, அமுக்கினால் ஒரு சொட்டு மட்டும் வரும் தகரக் குப்பியில் தின்னர். எந்தக் கறையானாலும் ஒரு சொட்டு, ஒரு தேய்ப்பு, போய்விடும். சேர்ந்த முதல் வாரத்தில் எல்லாப் பெண்களுக்கும் சொல்லிக்கொடுக்கும் பாடம் ஒன்று இருந்தது: புதுத் தோல் வந்தால் முதலில் ஷூவின் நாக்குக்கு உள்பக்கம் தொட்டுப் பார், இரண்டு நிமிஷம் நில், வெளுக்கவில்லை என்றால் மேலே போ. இன்னொன்றும் சொல்வார்கள். தோலுக்கு தின்னர் மருந்து, ரப்பருக்கு விஷம். ரப்பர் அடி வைத்த ஷூவில் தின்னர் பட்டால் அந்த நேரம் பளபளவென்றுதான் இருக்கும். ஒரு மணி நேரம் கழித்து ஊறிப் புடைத்துப் பிசுபிசுத்துப் போகும். இந்தப் பாடத்தை அவளே எத்தனையோ புதுப் பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள்.

போன செப்டம்பரில் அமெரிக்க ஆர்டர் நின்றது. வரியை ஏற்றிவிட்டார்கள் என்றார்கள். மூன்று லைனில் ஒரு லைனை மூடினார்கள். இருநூற்றுப் பதினாலு பேர் வீட்டுக்குப் போனார்கள். அவர்களில் சவுரியம்மாளும், பதினாறு வருஷமாக அவளுக்கு இடது கைப்பக்கம் நின்ற வஜீதாவும் உண்டு. கடைசி நாளில் வஜீதா ஒரு கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டாள். சவுரியம்மாள் கால் பாட்டில் தின்னரை எடுத்துக்கொண்டாள்.

ஜனவரியில் ஊர் ஊராக ஒரு லாரி வரப்போகிறது என்று வஜீதாதான் சொன்னாள். ஜோரியான் என்று ஒரு புது வீடியோ கேம் பெட்டி. பெங்களூரு கம்பெனி அதை விற்பதற்காக ஊர்வலம் விடுகிறது. லாரியின் ஒரு பக்கம் மேலே தூக்கிக்கொள்ளும். உள்ளே ஆறு டி.வி., பன்னிரண்டு கன்ட்ரோலர். அதாவது இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கட்டைவிரலால் இரண்டு குட்டிக் காளான்களைத் திருகி விளையாடும் சாமான். யார் வேண்டுமானாலும் ஏறி ஐந்து நிமிஷம் இலவசமாக விளையாடலாம். ஊருக்கு ஊர் ஜெயிக்கிறவர்களைக் காட்பாடிக்குக் கூப்பிட்டு ஒரு இறுதிப் போட்டி. வண்டியும் டிரைவரும் வாணியம்பாடி டிரான்ஸ்போர்ட்காரர் மக்பூல் அகமது கொடுத்தது. மேடை, ஆட்கள், மைக் எல்லாம் சென்னை ஏஜென்சி ஒன்றின் பொறுப்பு. அவர்களுடைய ஆள் ஆல்வின், இருபத்தேழு வயசு. துடைக்கிற வேலைக்கு ஒரு பெண் வேண்டும் என்று கேட்டு வஜீதாவை எடுத்து, அவள் போட்டோ ஒட்டிய அட்டையும் கொடுத்திருந்தார்கள்.

வண்டி வருவதற்கு இரண்டு நாள் முன்னால் வஜீதா மாடிப்படியில் வழுக்கிக் கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டாள்.

"என் கார்ட மாட்டிக்கினு நீ போ சவுரி. வர்ற கூலி உனக்கு. அதுக்குள்ள வேற எவளாவது பூந்துட்டா இடம் போய்டும்."

இது அந்தப் பக்கத்தில் புதிதல்ல. ஃபேக்டரியில் ஒருத்திக்கு உடம்புக்கு முடியவில்லை என்றால் அவள் டோக்கனில் தங்கச்சியோ பக்கத்து வீட்டுக்காரியோ வந்து நிற்பாள். பதிலி என்று பெயர். மேசை காலியாக இல்லாவிட்டால் சூப்பர்வைசர் முகத்தை ஏன் பார்க்கப்போகிறான்? ஆல்வினும் அட்டையைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான், "பரவால்லக்கா, ஆள் இருந்தா போதும்" என்றான். ஆக, பெயர் வஜீதாவுடையது, கை சவுரியம்மாளுடையது.

டிரைவர் சுந்தரமூர்த்திக்கு ஐம்பத்துநான்கு வயசு. இருபத்தெட்டு வருஷம் உப்புப் போட்ட பச்சைத் தோலை லாரியில் ஏற்றி டேனரிக்குக் கொண்டுவந்தவர். டீக்கடை வாசலில் வண்டியை நிறுத்தினால், "யோவ், அந்தாண்ட போய் நிறுத்துய்யா" என்று விரட்டுவார்கள். முதல் நாள் வாணியம்பாடியில் வண்டியை நிறுத்திவிட்டு அவர் சவுரியம்மாளிடம் சொன்னார்:

"ரேணிகுண்டாவுலேர்ந்து வாணியம்பாடி வரைக்கும், நான் போற ரோட்டுல எல்லாம் ஜனம் மூக்கத்தான் பொத்திச்சு. இப்ப பாரும்மா, ஸ்கூல் புள்ளைங்க கை காட்டுது. இன்னிக்கு மட்டும் எண்ணினேன், முப்பத்தொண்ணு."

"நீங்களும் காட்டினீங்களாண்ணா?"

"பின்ன? ஸ்டியரிங்க விட்டுட்டு ரெண்டு கையாலயும் காட்டலாம்னு இருந்துச்சு. வயசு இடிக்குது."

ஜெனரேட்டரையும் அவர்தான் பார்த்துக்கொண்டார். எண்ணெய், சூடு, வோல்டேஜ் எல்லாவற்றையும் மணியோடு ஒரு நோட்டில் எழுதுவார். ஒரு வரி விட்டுப்போகாது. அந்த நோட்டைப் பார்த்ததும் சவுரியம்மாளுக்கு அவர் மேல் ஒரு மரியாதை வந்தது.

வாணியம்பாடியில் இரண்டு நாள். அப்புறம் பொங்கல் விடுமுறை. பதினேழாம் தேதி சனிக்கிழமை ஆம்பூர். அவளுடைய பழைய ஃபேக்டரியின் ஷிப்ட் விட்டதும் ஒரு கூட்டம் வந்தது.

"ஏய், நம்ம சவுரி! இன்னாடி, டிவியெல்லாம் வாங்கிட்டியா?"

"ஆமா, ஆறு வாங்கினேன். உனக்கு ஒண்ணு வேணுமா?"

"கேட்டா, வீட்டுக்கு அனுப்பிட்டாங்கன்ற. இங்க வந்து பாத்தா லைட்டு போட்டுக்கினு நிக்கற."

"அங்க ஷூவ தொடச்சேன். இங்க இத தொடைக்கிறேன். தொடைக்கிறது எங்க போனாலும் போவாதுடி."

ஆம்பூரில்தான் தொல்லை ஆரம்பமானது. சனி, ஞாயிறு. பக்கத்துத் தெருவில் பிரியாணிக் கடைகள். சாப்பிட்டுவிட்டுக் கையை ஒப்புக்கு நனைத்துக்கொண்டு நேரே வந்து கன்ட்ரோலரைப் பிடித்தார்கள். ஒரு ஆள் ஏப்பம் விட்டுக்கொண்டே டி.வி.யில் ஓடிய கார் பந்தயத்தில் நாலு காரை இடித்தான். துடைப்பதற்காகக் கம்பெனி கொடுத்திருந்த ஈரக் காகிதப் பாக்கெட்டுகள் ஊர்வலம் முழுவதற்குமானவை. ஆம்பூரில் இரண்டே நாளில் தீர்ந்துவிட்டன. ஆல்வினிடம் சொன்னாள். "ஆர்டர் போட்டிருக்கேன்க்கா, வந்துடும்" என்றான். குடியாத்தத்துக்கும் வரவில்லை, காட்பாடிக்கும் வரவில்லை. வெறும் ஈரத்துணியில் நெய் இழுபட்டதே தவிரப் போகவில்லை.

இருபத்துநான்காம் தேதி சனிக்கிழமை. காட்பாடியில் கல்லூரிப் பிள்ளைகள் முன்னூறு பேருக்கு மேல். மதியம் ஒன்றேகாலுக்கு ஜெனரேட்டரை நிறுத்திச் சாப்பிடப் போனார்கள். இரண்டே முக்காலுக்கு இறுதிப் போட்டி. பெங்களூரிலிருந்து கம்பெனிக்காரர்கள் நேரலையில் பார்க்கப்போகிறார்கள்.

"அக்கா, இத எதையாவது வெச்சு சுத்தம் பண்ணிடுங்க. கேமராவுல அழுக்கு தெரியும்" என்று சொல்லிவிட்டு ஆல்வின் போனான்.

சவுரியம்மாளின் பையில் கால் பாட்டில் தின்னர் இருந்தது. அவள் அவசரப்படவில்லை. ஒரு கன்ட்ரோலரைத் திருப்பி, அடிப்பக்கம் ஒரு சொட்டுத் தொட்டாள். லாரிச் சுவரில் இருந்த பேட்டரிக் கடிகாரத்தைப் பார்த்து இரண்டு நிமிஷம் நின்றாள். வெளுக்கவில்லை. அப்புறம்தான் பன்னிரண்டையும் துடைத்தாள். பிடி, பொத்தான், அந்தக் குட்டிக் காளான்களின் மண்டை எல்லாம். அழுக்கு அதிகம் அந்த மண்டைகளில்தான். அவற்றை இரண்டு முறை தேய்த்தாள். ஒன்றே முக்காலுக்கு எல்லாம் பெட்டியிலிருந்து எடுத்தது போல ஆயின.

"சூப்பர்க்கா! புதுசு மாதிரி இருக்கு!" திரும்பி வந்த ஆல்வின் வரிசையாக வைத்துப் போட்டோ எடுத்து அவர்கள் குழுவுக்கு அனுப்பினான். மூலையில் அவள் கையும் பாட்டிலும் விழுந்திருந்தன.

இரண்டே முக்காலுக்குப் போட்டி தொடங்கியது. பத்து நிமிஷம் நன்றாகத்தான் போனது. மூன்று மணிக்கு முதல் கார் இடது பக்கம் ஒதுங்கியது, திரும்பவில்லை. அப்புறம் இன்னொன்று. மூன்று ஐந்துக்கு ஆறு டி.வி.யிலும் கார்கள் சுவரில் மூக்கை வைத்துத் தேய்த்துக்கொண்டு நின்றன.

"மச்சான், எல்லா காரும் லெஃப்ட்லயே ஒதுங்குதுடா, அங்க டீக்கடையா?"

"ப்ரோ, ஸ்டியரிங் லாக்கா? சாவி போடு ப்ரோ!"

விசில் பறந்தது. யாரோ தண்ணீர் பாட்டிலை எறிந்தான். மூன்று பத்துக்கு நேரலையை நிறுத்தினார்கள்.

பெங்களூரிலிருந்து போன் வந்தது. கரண்ட் எப்படி என்பதுதான் முதல் கேள்வி. ஆல்வின் வியர்த்துப்போய் ஜெனரேட்டர் பக்கம் ஓடினான். சுந்தரமூர்த்தியின் நோட்டு அங்கே தொங்கியது. அன்றைய தேதியில் அவர் எழுதியிருந்தார்: "காலை 11.20 — வோல்டேஜ் 241-க்கு ஏறியது. சரி செய்தேன். 11.24 — 230." நாலு நிமிஷம். வேறு யாராக இருந்தாலும் எழுதியிருக்க மாட்டான். ஆல்வின் அதைப் படம் பிடித்து அனுப்பினான். அவ்வளவுதான். மற்றதெல்லாம் அந்த வரியை வைத்தே எழுதப்பட்டது.

ஆறு மணிக்குக் கன்ட்ரோலர்களைப் பெட்டியில் அடுக்கும்போது சவுரியம்மாளின் கட்டைவிரல் ஒரு காளான் மண்டையில் ஒட்டிக்கொண்டது. இழுத்தாள். சேமியா இழை போல ஒரு நூல் வந்தது. அடுத்ததைத் தொட்டாள். அதுவும். மண்டைகள் புடைத்துத் தங்கள் குழிக்குள்ளேயே இறுகிப்போயிருந்தன. அவளுக்கு வேறு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கருப்பாக, வழவழவென்று இருந்ததால் அதையும் பிளாஸ்டிக் என்று நினைத்துவிட்டாள். அது ரப்பர். அடிப்பக்கம் சோதித்தாள், அங்கே ரப்பர் ஏது?

அவள் பெட்டியை அப்படியே வைத்துவிட்டு ஆல்வினிடம் போனாள். அவன் இரண்டு காதிலும் இரண்டு போனை வைத்துக்கொண்டிருந்தான்.

"தம்பி, ஒரு விஷயம்…"

"அப்புறம்க்கா, அப்புறம். செம டென்ஷன்ல இருக்கேன்."

கால் மணி நேரம் நின்றாள். ஏழு மணி பஸ் போனால் அடுத்தது எப்போது என்று தெரியாது. கிளம்பிவிட்டாள். அந்த ஒரு ராத்திரியைத்தான் அவள் பின்னால் ஆயிரம் முறை நினைத்துக்கொண்டாள். ஃபேக்டரியில் சூப்பர்வைசர் கேட்கும் முன்பே சொன்னவள், அன்றைக்குப் பஸ்ஸுக்குப் பயந்து சொல்லாமல் போனாள்.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு அவள் ஆல்வினுக்குப் போன் செய்தபோது, பழி விழுந்த சுந்தரமூர்த்தி வண்டிச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டிருந்தார்.

"தம்பி, அது ஜெனரேட்டர் இல்ல. நான் தின்னர் போட்டேன். ரப்பர் ஊறிடுச்சு."

ஆல்வின் எங்கேயோ ஒரு கதவைச் சாத்தினான். பிறகு குரலைத் தாழ்த்தினான்.

"அக்கா, ரிப்போர்ட் நைட்டே போய்டுச்சு. கரண்ட் ப்ராப்ளம்னா இன்சூரன்ஸ் குடுக்கும், வண்டிக்காரர் பக்கம் போய்டும். கிளீனிங்னா எங்க ஏஜென்சி தலையில விழும். எங்களுக்கு இந்த டூரே கட். பதினோரு பேர் வேல போய்டும்க்கா."

"அந்த மனுஷன் ஒண்ணும் பண்ணலப்பா."

"தெரியுதுக்கா. நான் இன்னா பண்ணட்டும்? நீங்க சொன்னது எனக்குக் கேக்கல. லைன் சரியில்ல."

"அந்த போட்டோவ மட்டும் அனுப்பு."

"எந்த போட்டோ?" என்று கேட்டான். பிறகு அவனே சொன்னான்: "குரூப்ல இருந்தும் டெலிட் பண்ணிட்டேன்க்கா. சாரி."

அவன் கெட்ட பையன் இல்லை. சாரி என்று சொல்லும்போது குரல் உடைந்தது உண்மை.

ஜெயசீலனிடம் சொன்னாள். அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"யாராவது உன்னைக் கேட்டாங்களா?"

"கேக்கல."

"அப்ப இன்னாத்துக்கு நீயே போய் தலைய குடுக்கற? பேஜார் புடிச்சவ."

"கேக்காததாலதான் ஜாஸ்தி பேஜாரா இருக்கு."

இருபத்தேழாம் தேதி குடியாத்தத்துக்குப் போனாள். சுந்தரமூர்த்தியின் வீட்டில் கைத்தறி லுங்கிக் கட்டுகளுக்கு நடுவே உட்காரச் சொன்னார்கள். அவர் மனைவி சௌந்தரம் காபி கொண்டுவந்தாள். சவுரியம்மாள் டம்ளரைத் தொடாமலே எல்லாவற்றையும் சொன்னாள். சௌந்தரத்தின் முகம் மாறியது. சுந்தரமூர்த்தியின் முகம் மாறவில்லை.

"நான்தான் என் நோட்ட நானே சபிச்சுக்கினு இருந்தேன். நாலு நிமிஷத்த எழுதாம விட்டிருந்தா…" என்றார். பிறகு, "நான் எழுதினதுல தப்பு இல்ல, நீ வந்து சொன்னதுலயும் தப்பு இல்ல. தொடச்சதுல வந்துச்சா? சரி விடு" என்றார்.

"எப்படிண்ணா விடறது?" என்று அவள் கேட்டதற்குச் சௌந்தரம் பதில் சொன்னாள்.

"ஆமா, எப்படி விடறது? மக்பூல் பாய் வேற வண்டி குடுக்க மாட்டேன்றாரு. மறுபடியும் தோல் லாரிக்குப் போவேன்றாரு இவரு. தெருவுல எல்லார்கிட்டயும் சொல்லியாச்சும்மா, இவரு வீடியோ கேம் வண்டி ஓட்டறாருன்னு."

அங்கிருந்தே மக்பூல் அகமதுவுக்குப் போன் போட்டார்கள். அவர் முழுவதும் கேட்டார்.

"சுந்தரமூர்த்திய நான் இருபது வருஷமா பாக்கறேம்மா. எனக்குத் தெரியாதா? ஆனா கம்பெனி எழுத்துல எழுதிட்டான். நாளைக்கு வேற பார்ட்டி, 'அதே டிரைவரா?'ன்னு கேப்பான். கம்பெனி ஒரே ஒரு வரி, டிரைவர் மேல தப்பு இல்லன்னு எழுதிக் குடுக்கட்டும். அன்னிக்கு சாயந்திரமே சாவி குடுக்கறேன். வாய்ல சொன்னா ஆவாது, எழுத்துல வரணும்."

ஒரு வரிதானே என்று சவுரியம்மாளுக்குத் தோன்றியது. பிப்ரவரி இரண்டாம் தேதி, பெங்களூரு கம்பெனிக்குக் கோடு போட்ட தாளில் ஒன்றரைப் பக்கம் தமிழில் எழுதினாள். ஐயா என்று தொடங்கி, எத்தனை மணிக்கு எத்தனை சொட்டு என்பது வரை எழுதினாள். "ரப்பர் என்று தெரியாமல் செய்தது என் தவறு. டிரைவர் சுந்தரமூர்த்தி அப்போது சாப்பிடப் போயிருந்தார். அவர் பெயரில் உள்ளதை எடுத்து என் பெயரில் எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்." கீழே கையெழுத்து, தேதி, பழக்கத்தில் 47. அந்த 47-ஐ அடித்துவிட்டு உறையை ஒட்டினாள்.

பதின்மூன்றாம் தேதி பதில் வந்தது. ஆங்கிலம். வஜீதாவின் மகள் இஃப்ரா பி.காம் படிக்கிறாள், அவள் வாசித்துச் சொன்னாள்.

"ஜோரியான் வாங்கியதற்கு நன்றி, அப்படின்னு ஆரம்பிக்குது ஆன்ட்டி."

"நான் எங்கடி வாங்கினேன்?"

"கன்ட்ரோலர்ல கெமிக்கல் பட்டா ரப்பர் பாகம் கெட்டுப்போகும், அதுக்கு வாரண்டி கிடையாது, புதுசு வேணும்னா தள்ளுபடி விலையில வாங்கிக்கலாம். கூப்பன் நம்பர் குடுத்திருக்காங்க."

வஜீதா சிரித்துவிட்டாள். சவுரியம்மாள் சிரிக்கவில்லை. தாளை வாங்கிப் பார்த்தாள். "அவங்களே எழுதிட்டாங்களே. கெமிக்கல் பட்டா ரப்பர் கெடும்னு. அதத்தானே நானும் சொல்றேன்?"

"உங்கள கஸ்டமர்னு நெனச்சிட்டாங்க ஆன்ட்டி."

பத்தொன்பதாம் தேதி இஃப்ரா ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து கொடுத்தாள். நாள், ஊர், வண்டி எண், ஜெனரேட்டர் நோட்டு எல்லாம் அதில் இருந்தன. இந்த முறை சரியான ஆளிடம்தான் போயிற்று. மார்ச் நான்காம் தேதி பதில் வந்தது. மரியாதையான பதில். தாங்கள் குறிப்பிடும் நாட்களில் எங்கள் ஊர்வலத்தில் சவுரியம்மாள் என்ற பெயரில் யாரும் பணியாற்றவில்லை. துப்புரவுப் பணியில் இருந்தவர் பெயர் வஜீதா. சம்பவ இடத்தில் இல்லாத ஒருவரின் வாக்குமூலத்தை ஏற்க இயலாது.

இஃப்ரா வாசித்து நிறுத்தினாள். மூன்று பேரும் தாளைப் பார்த்தார்கள். எட்டு நாள், காலை ஒன்பதிலிருந்து ராத்திரி எட்டு வரை நின்ற கால் இன்னும் வலிக்கிறது. ஆனால் எழுத்தில் அவள் அங்கே இல்லவே இல்லை. பதிலி போவதற்கு ஒரு சௌகரியம் உண்டு. இப்படி ஒரு விலையும் உண்டு என்று இருபத்திரண்டு வருஷத்தில் யாருக்கும் தோன்றியதில்லை.

"என் பேர்லதானே இருக்கு? நானே எழுதிக் குடுத்துடறேன், நான்தான் தின்னர் போட்டேன்னு. யாருக்குத் தெரியப்போவுது?" என்றாள் வஜீதா.

"ஒரு பொய்ய எடுக்கறதுக்கு இன்னொரு பொய்யா? வேணாம்."

"அப்ப உள்ளத எழுதுவோம். கால் சுளுக்கிச்சு, கார்ட குடுத்தேன், அவ போனா. ரெண்டு பேரும் கையெழுத்து போடுவோம்."

"உனக்கு இன்னாவது ஆச்சுன்னா?"

"இன்னா ஆவும்? தூக்குலயா போடுவான்? ஏஜென்சிக்காரன் ரம்ஜான் முடிஞ்சதும் கூப்பிடறேன்னு சொல்லியிருக்கான், வேலூர்ல ஏதோ எக்ஸிபிஷனாம். உண்மைய எழுதினதுக்கு வேணான்னு சொல்லிடுவானா?"

சவுரியம்மாள் இரண்டு நாள் யோசித்தாள். இதற்கிடையில் சுந்தரமூர்த்தி பழைய தோல் லாரியில் மாற்று டிரைவராக ஏறிவிட்டார் என்று சௌந்தரம் போனில் சொன்னாள். மார்ச் ஒன்பதாம் தேதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு மூன்றாவது கடிதம் போனது. ஆல்வினையும் ஒரு வரி எழுதச் சொல்லிக் கேட்டுப் பார்த்தாள். அவன் நம்பர் மாறியிருந்தது.

அதன் பிறகு அவள் செய்வதற்கு ஒன்றும் இல்லை. தினமும் பதினொன்றரைக்குத் தபால்காரர் தெருமுனையில் திரும்பும்போது வாசலுக்கு வந்து நிற்பாள். "இன்னாம்மா, மிலிட்டரிலேர்ந்து மணியார்டரா?" என்று அவர் கேலி செய்வார். மற்ற நேரத்தில் வீட்டில் இருக்கிற பாத்திரம், ஜன்னல், சுவிட்ச் பலகை எல்லாவற்றையும் துடைத்தாள். தண்ணீரில்தான். மீதி தின்னரை ஜெயசீலன் எப்போதோ சாக்கடையில் ஊற்றிவிட்டிருந்தான்.

பதினைந்து நாள் கழித்து இரண்டு உறைகள் வந்தன, ஒரே கடிதத்தின் இரண்டு நகல். ஒன்று அவளுக்கு, ஒன்று வஜீதாவுக்கு. அவள் தன்னுடையதைப் பிரிக்காமல் எடுத்துக்கொண்டு வஜீதா வீட்டுக்குப் போனாள். இஃப்ரா கல்லூரியிலிருந்து வரும் வரை இரண்டு உறைகளும் பாயின் மேல் கிடந்தன. வஜீதாவின் கணுக்கால் சரியாகியிருந்தது. அதை ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

இஃப்ரா வந்து, நின்றபடியே வாசித்தாள். சம்பவம் தொடர்பான இன்சூரன்ஸ் கணக்கு பிப்ரவரி 28-ஆம் தேதி முடிக்கப்பட்டுவிட்டது. முடித்த விவகாரத்தைத் திறக்க வழியில்லை. அடையாள அட்டையை வேறொருவருக்குக் கொடுத்ததாகத் தாங்களே ஒப்புக்கொண்டிருப்பதால், இருவரையும் எங்கள் எந்த நிகழ்ச்சியிலும் பணியமர்த்த வேண்டாம் என்று ஏஜென்சிக்குத் தெரிவித்துள்ளோம். இது குறித்து இனிக் கடிதப் போக்குவரத்து வேண்டாம்.

"டிரைவரப் பத்தி?" என்று கேட்டாள் சவுரியம்மாள்.

இஃப்ரா தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தாள். "ஒண்ணும் இல்ல ஆன்ட்டி."

வஜீதா காலை ஆட்டுவதை நிறுத்தினாள். "வேலூர் எக்ஸிபிஷனும் போச்சா?" என்று யாரையும் பார்க்காமல் கேட்டாள். பிறகு எழுந்து உள்ளே போய், நோன்பு திறக்க வாங்கி மீந்திருந்த பேரீச்சம்பழத்தை ஒரு தட்டில் கொண்டுவந்து சவுரியம்மாளின் முன்னால் வைத்தாள். "சாப்பிடு" என்றாள். திட்டியிருந்தால் சவுரியம்மாளுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் சுந்தரமூர்த்திக்குப் போன் செய்தாள். பின்னால் லாரி இரைந்தது.

"ராணிப்பேட்டை கிட்ட நிக்கறேம்மா. ரயில்வே கேட்டு. சொல்லு."

சொன்னாள். இரைச்சலில் அவருக்கு எவ்வளவு கேட்டதோ. பக்கத்தில் யாரோ, "யோவ், வண்டிய கொஞ்சம் முன்னால எடுய்யா, நாத்தம் தாங்கல" என்று கத்துவது அவளுக்குத் தெளிவாகக் கேட்டது.

"சரிம்மா" என்றார் சுந்தரமூர்த்தி. "நீ மூணு தடவ எழுதின. அத நான் மறக்க மாட்டேன். கேட்டு தூக்கறான், வெச்சிடறேன்."

அவள் கடிதத்தை மேசையில் விரித்துக் கையால் நீவினாள். முன்பு வந்த இரண்டு கடிதங்களையும் எடுத்து அதன் அடியில் வைத்தாள். அவற்றின் வலது மூலையில் அவை வந்த தேதிகளைச் சின்னதாக எழுதியிருந்தாள், பெட்டிக்குள் வைக்கும் சீட்டில் எழுதுவது போல. இதிலும் எழுதினாள்: 24.3.2026.